பம்பாய் பெயர் கொண்ட ஆப்பிரிக்க வழிகாட்டி

இந்தியில் பயணத்துக்கு ‘சஃபர்’ என்று பெயர். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தில் பேசப்படும் சுவாகிலி மொழியில் அதே சொல் ‘சஃபாரி’ ஆயிற்று. இரண்டுக்கும் வேர் அரபு மொழியில் இருக்கிறது.

இன்று சஃபாரி என்றால் ஜீப்பில் உட்கார்ந்து சிங்கத்தையும் யானையையும் பார்த்து வரும் உல்லாசப் பயணம். 19-ம் நூற்றாண்டில் அப்படி இல்லை. நூறு, இருநூறு பேர் சுமையுடன் மாதக்கணக்கில் உள்நாட்டுக்கு நடந்து போவதுதான் சஃபாரி. போனவர்களில் பலர் திரும்புவதில்லை.

அப்படிப்பட்ட நான்கு பெரிய பயணங்களில் நடந்து, நான்கிலிருந்தும் உயிரோடு திரும்பியவர் ஒருவர் உண்டு. ஆப்பிரிக்க மண்ணில் யாவோ இனத்தில் பிறந்தவர். ஆனால் அவருடைய பெயர் சிதி முபாரக் பம்பாய். ஓர் இந்திய நகரத்தின் பெயர் அவருக்கு வந்து சேர்ந்தது எப்படி என்பது துயரமான கதை. அவர் சிறந்த வழிகாட்டியானதன் காரணமும் அந்தக் கதையிலேயே இருக்கிறது.

கடன் கேட்டு வந்தவர்கள்

இன்றைய தான்சானியாவும் மொசாம்பிக்கும் சந்திக்கும் எல்லைப் பகுதியில், 1820-ம் ஆண்டையொட்டி முபாரக் பிறந்தார். தாய் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். தந்தையுடன் கிராமத்தில் வளர்ந்தார்.

கரையோர வணிகர்கள் அந்தக் கிராமத்துக்குத் துணியும் மணியும் கொண்டுவந்து கடனாகக் கொடுப்பது வழக்கம். ஊரில் எல்லாருக்கும் சிறு சிறு கடன் இருந்தது. ஒரு நாள் அந்த வணிகர்கள் துப்பாக்கி ஏந்திய ஆட்களுடன் வந்து ஊரைச் சூழ்ந்தார்கள். பாக்கியை உடனே தீர்க்க வேண்டும், இல்லையேல் நடப்பது வேறு என்றார்கள். தீர்க்க யாரிடமும் வழி இல்லை. எதிர்த்து நின்றவர்களிடம் துப்பாக்கி இல்லை. ஓடியவர்கள் ஓடினார்கள், அகப்பட்டவர்கள் அடிமைகளானார்கள்.

அகப்பட்டவர்களில் சுமார் பன்னிரண்டு வயதுச் சிறுவனான முபாரக்கும் ஒருவர். கடற்கரை ஊரான கில்வாவுக்கு நடத்திச் செல்லப்பட்டு, அங்கிருந்து சான்சிபார் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார். சந்தையில் விலை பேசப்பட்டார். தந்தையைப் பற்றிய தகவல் அதன்பின் அவருக்குக் கிடைக்கவே இல்லை. பெற்றோர் வைத்த பெயரும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இந்தியாவில் கற்ற மொழி

வாங்கிய வணிகர் அவரை மேற்கு இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். குஜராத் பகுதியில் பல ஆண்டுகள் அவர் வீட்டு வேலைக்காரராக இருந்தார். மேற்கு இந்தியாவில் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சிதி என்று அழைப்பது பழைய வழக்கம். மும்பைக்குத் தெற்கே கடலுக்குள் நிற்கும் ஜஞ்சிராக் கோட்டையை ஆண்டவர்கள் சிதிகளே. அந்த இனப் பெயரும், அரபுப் பெயரான முபாரக்கும், நகரப் பெயரான பம்பாயும் சேர்ந்து அவருடைய பெயராயின.

எஜமான் இறந்தபோது முபாரக்குக்கு விடுதலை கிடைத்தது. அவர் சான்சிபாருக்குக் கப்பல் ஏறினார். கையில் பொருள் எதுவும் இல்லை. ஆனால் இந்தியாவில் அவர் ஒன்றைச் சேர்த்திருந்தார். அது இந்துஸ்தானி மொழி. தாய்மொழி யாவோ, கரையோரத்தின் சுவாகிலி இவற்றோடு இப்போது அதுவும் நாவில் இருந்தது. அடிமைத்தனம் தந்த அந்த ஒரு சொத்துதான் பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது.

சான்சிபார் சுல்தானின் படையில் சேர்ந்தார். பங்கானி ஆற்றங்கரைக்கு அருகில் சோக்வே என்ற சிறு கோட்டையில் காவல் வேலை கிடைத்தது.

பம்பாயிலிருந்து வந்த கப்பல்

1856 டிசம்பர் 2-ம் தேதி பம்பாய்த் துறைமுகத்திலிருந்து எல்பின்ஸ்டன் என்ற போர்க்கப்பல் புறப்பட்டது. அதில் ரிச்சர்டு பர்ட்டன், ஜான் ஸ்பீக் என்ற இரண்டு ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் இருந்தனர். சமையலுக்கும் பணிவிடைக்கும் கோவாக்காரர் இருவரைக் கூட்டிச் சென்றார்கள். ஆப்பிரிக்காவின் நடுவில் இருப்பதாகக் கேள்விப்பட்ட பெரிய ஏரிகளைக் காண்பதும், நைல் நதியின் தோற்றுவாயைத் தேடுவதும் அவர்கள் நோக்கம்.

பெரும் பயணத்துக்கு முன் ஒத்திகையாக 1857 பிப்ரவரியில் பங்கானி ஆற்றுப் பக்கம் போனபோது, சோக்வே கோட்டையில் முபாரக்கைச் சந்தித்தார்கள். ஸ்பீக்குக்கு அரபும் தெரியாது, சுவாகிலியும் தெரியாது. இந்தியாவில் பணியாற்றியதால் இந்துஸ்தானி மட்டும் கொஞ்சம் வரும். அந்தக் காட்டுக் கோட்டையில் தம்மோடு இந்துஸ்தானியில் பேச ஒருவர் கிடைத்தது அவருக்குப் பெரும் வியப்பு.

முபாரக்கின் உழைப்பும் நேர்மையும் இருவரையும் கவர்ந்தன. அவருக்கு இருந்த கடனை அடைத்து, ராணுவ வேலையை விடச் செய்து, தங்களோடு அழைத்துக்கொண்டார்கள். ஒரு கடன் அவரை அடிமையாக்கியது; இன்னொரு கடன் தீர்ந்ததில் அவருடைய புது வாழ்வு தொடங்கியது.

மேஸ்திரி வேலை

அந்தக் கால சஃபாரியில் வழிகாட்டி என்றால் பாதையைக் காட்டுபவர் மட்டும் அல்ல. பாதை ஓரளவு வணிகர்களுக்குத் தெரிந்ததே. கொடி பிடித்து முன்னால் நடக்கக் ‘கிரங்கோசி’ என்று தனி ஆள் உண்டு. முபாரக் செய்தது, நம் ஊரில் மேஸ்திரி என்றும் துறைமுகத்தில் முக்காதம் என்றும் சொல்கிறோமே, அந்த வேலை.

ஆப்பிரிக்காவின் உள்நாட்டில் அப்போது நாணயம் செல்லாது. துணி, கண்ணாடி மணி, பித்தளைக் கம்பி ஆகியவைதான் பணம். ஓர் ஊரில் சிவப்பு மணிக்கு மதிப்பு. அடுத்த ஊரில் நீல மணிக்கு மதிப்பு. தவறான சரக்கைச் சுமந்து போனால் பட்டினிதான். இந்த நடமாடும் கஜானாவைச் சுமக்க நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள் வேண்டும். ஆளுக்கு 30 கிலோவுக்கு மேல் சுமை.

விடிவதற்கு முன் எழுப்ப வேண்டும். சுமையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மாலையில் முள்வேலி அடைத்துக் கூடாரம் போட வேண்டும். தினப்படித் தானியம் வாங்கி அளந்து தர வேண்டும். முன்பணம் வாங்கிய ஆள் இரவில் ஓடிவிட்டால் அவன் சுமைக்கு வேறு ஆள் பிடிக்க வேண்டும். இத்தனையும் முபாரக் பொறுப்பு.

இவற்றைவிடக் கடினமானது ‘ஹோங்கோ’. மும்பை எல்லையில் முன்பு வசூலித்த ஆக்ட்ராய் போன்ற வழிவரி அது. ஒவ்வொரு தலைவர் எல்லையிலும் துணியும் மணியும் கட்டினால்தான் வழி கிடைக்கும். கேட்பதை அப்படியே கொடுத்தால் சரக்கு பாதி வழியில் தீர்ந்துபோகும். கொடுக்க மறுத்தால் சண்டை வரும். நாள்கணக்கில் உட்கார்ந்து, சிரித்து, வாதாடி, பணிந்து, ஒரு தொகையில் முடிக்க வேண்டும். அந்தப் பொறுமை துப்பாக்கி வைத்திருந்த வெள்ளையர்களிடம் இல்லை. முபாரக்கிடம் இருந்தது.

இரண்டு ஏரிகள்

1857 ஜூன் கடைசியில் கரையிலிருந்து புறப்பட்ட கூட்டம், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, 1858 பிப்ரவரி 13-ம் தேதி டாங்கனிகா ஏரியை அடைந்தது. ஏறத்தாழ ஏழரை மாதம் பிடித்தது. பர்ட்டனால் நடக்க முடியவில்லை. ஸ்பீக்குக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. ஏரிக் கரையில் நின்றும் ஏரியைச் சரியாகப் பார்க்க முடியாத நிலை. தலைவர்கள் இருவரும் இப்படிக் கிடந்தபோது கூட்டம் கலையாமல் இருந்ததில் முபாரக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

திரும்பும் வழியில், இன்று தபோரா என்று அழைக்கப்படும் ஊரில் பர்ட்டன் தங்கிவிட்டார். ஸ்பீக் மட்டும் முபாரக்கையும் சிலரையும் கூட்டிக்கொண்டு வடக்கே போனார். 1858 ஆகஸ்டு 3-ம் தேதி அவர்கள் கண்டதுதான் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய ஏரி. கரையில் வாழ்ந்த மக்கள் அதற்குத் தம் மொழிகளில் பெயர் வைத்திருந்தார்கள். ஸ்பீக் தம் நாட்டு ராணியின் பெயரால் அதை விக்டோரியா என்றார். நைல் இங்கிருந்துதான் பிறக்கிறது என்றும் முடிவு கட்டினார். பர்ட்டன் ஏற்கவில்லை. நண்பர்கள் பகைவர்களானார்கள்.

மூன்று நாவு மாறிய பேச்சு

அதை நிரூபிக்க ஸ்பீக் 1860-ல் ஜேம்ஸ் கிராண்டு என்ற அதிகாரியுடன் மீண்டும் வந்தார். வந்ததும் தேடிய முதல் ஆள் முபாரக்.

இந்தப் பயணத்தில்தான் அவருக்குப் பெரும் அவமானம் நேர்ந்தது. கூடாரத்தைப் பிரிப்பது பற்றிய ஒரு வாக்குவாதத்தில் ஸ்பீக் கோபம் மீறி, ஆட்கள் முன்னிலையில் அவரை மூன்று முறை முகத்தில் குத்தினார். முபாரக் வேலையை உதறிவிட்டு விலகி நின்றார். அவர் பதவியை நசீப் என்ற முதிய மொழிபெயர்ப்பாளருக்கு ஸ்பீக் கொடுத்தார். நசீப் பதவிக்கு ஆசைப்படவில்லை. முபாரக்கைச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்து வந்தார். ஸ்பீக்கின் அடியில் போன முன்பற்களின் இடைவெளி முபாரக் வாயில் இருந்ததைப் பத்து ஆண்டுகள் கழித்து அவரைச் சந்தித்த ஸ்டான்லி எழுதிவைத்திருக்கிறார்.

1862-ல் புகாண்டா நாட்டு அரசன் முதேசாவின் சபையில் ஸ்பீக் பல மாதம் காத்திருக்க நேர்ந்தது. முதேசா இளைஞன். சபையில் ஒரு சொல் பிசகினாலும் உயிருக்கு ஆபத்து. ஸ்பீக் பேசியதை முபாரக் இந்துஸ்தானியில் கேட்டுச் சுவாகிலியில் நசீபிடம் சொல்வார். நசீப் அதை அரசனுக்கு அவர் மொழியில் சொல்வார். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். ஆப்பிரிக்காவின் நடுவில் ஓர் ஆங்கிலேயரும் ஓர் அரசரும் பேச, குஜராத்தில் ஓர் அடிமைச் சிறுவன் கற்ற மொழி பாலமாக நின்றது.

1862 ஜூலை 28-ம் தேதி, ஏரியிலிருந்து நைல் வெளியேறும் அருவியை ஸ்பீக் கண்டார். முபாரக்கும் உடன் இருந்தார். 1954-ல் கட்டிய ஓவன் அருவி அணையின் நீரில் அந்த அருவி இன்று மூழ்கிக் கிடக்கிறது.

அங்கிருந்து வடக்கே போகும் வழியில் மற்றோர் அரசன் அவர்களைத் தடுத்து வைத்தான். எதிரே வடக்கிலிருந்து வணிகர்கள் வந்திருக்கிறார்களா என்று பார்த்துவர ஸ்பீக் முபாரக்கைத்தான் அனுப்பினார். சில வாரம் கழித்து அவர் புதிய பருத்தி உடையில் திரும்பி வந்தார். அந்த உடையே நல்ல செய்தியாக இருந்தது. வடக்குக் கூடாரத்தில் கொடுத்து அனுப்பிய உடை அது.

பெருங்கூட்டமாகப் புறப்பட்டவர்களில் கடைசி வரை வந்து 1863-ல் கெய்ரோ நகரைக் கண்ட ஆப்பிரிக்கர் இருபது பேர் அளவே. அங்கே அவர்களை வைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். லண்டன் ராயல் புவியியல் கழகம் அவர்களுக்குப் பதக்கம் அளித்தது. முபாரக்குக்கு வெள்ளிப் பதக்கம், மற்றவர்களுக்கு வெண்கலம். ஸ்பீக் 1864 செப்டம்பரில், பர்ட்டனோடு பொது மேடையில் வாதிட இருந்த நாளுக்கு முந்திய நாள், தம் துப்பாக்கியே வெடித்து இறந்தார். நைல் பற்றி அவர் சொன்னது சரி என்பதை 1875-ல் ஸ்டான்லி அந்த ஏரியைப் படகில் சுற்றிவந்து உறுதி செய்தார்.

தேடிப் போனவர்கள்

டேவிட் லிவிங்ஸ்டன் என்ற பாதிரியார் ஆப்பிரிக்காவின் நடுவில் எங்கோ காணாமல் போனார். அவரைக் கண்டுபிடிக்க அமெரிக்கப் பத்திரிகை ஒன்று ஹென்றி ஸ்டான்லி என்ற நிருபரை அனுப்பியது. 1871-ல் சான்சிபார் வந்த ஸ்டான்லிக்கு உள்நாட்டுப் பயணம் புதிது. காவலர்களுக்குத் தலைவராக முபாரக்கை வைத்துக்கொண்டார்.

ஸ்டான்லி முரட்டு எஜமான். முபாரக் வயதானவர், மந்தம், சொன்ன வேலையை மறக்கிறார் என்று குறை கூறினார். பிரம்பாலும் ஈட்டிக் கம்பாலும் அடித்ததைத் தாமே எழுதியிருக்கிறார். முபாரக்கிடமும் குறைகள் இருந்தன. மது பிடிக்கும், சில வேளை சண்டை போடுவார், சாமான்களைத் தவற விடுவார். ஆனாலும் அவர் நடுவழியில் ஓடிப்போகவில்லை. வெள்ளம் பெருகிய சதுப்பு நிலம், காய்ச்சல், சுமையாட்களின் கலகம் எல்லாவற்றையும் கடந்து 1871 நவம்பரில் உஜிஜி ஊரில் லிவிங்ஸ்டனைக் கண்ட கூட்டத்தில் அவரும் இருந்தார். உலகப் பத்திரிகைகளில் வந்த பெயர் ஸ்டான்லியின் பெயர்.

கடலிலிருந்து கடலுக்கு

1873-ல் லிவிங்ஸ்டனுக்கு உதவ மற்றொரு கூட்டம் லெப்டினென்ட் கேமரன் தலைமையில் புறப்பட்டது. அதற்கும் முபாரக்கே மேஸ்திரி. தபோராவில் தங்கியிருந்தபோது அக்டோபரில் ஒரு சிறு ஊர்வலம் எதிரே வந்தது. லிவிங்ஸ்டன் இறந்துவிட்டார்; அவர் உடலை ஊழியர்கள் கரைக்குச் சுமந்து வருகிறார்கள். அவர்களில் ஜேக்கப் வெயின்ரைட் என்ற இளைஞர், அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு நம் நாசிக் நகரத்து மிஷன் பள்ளியில் படித்தவர்.

தேடி வந்தவரே இல்லை என்றான பின்பும் கேமரன் மேற்கே நடந்தார். சில தோழர்கள் இறந்தனர், ஒருவர் திரும்பிப் போனார். ஆட்களை வைத்துக் காப்பாற்றும் வேலை முபாரக் தலையில் விழுந்தது. வழியில் சில மாதம், ஓர் அடிமை வணிகரின் கூட்டத்தோடு சேர்ந்தே போக வேண்டியதாயிற்று. கயிற்றில் பிணைக்கப்பட்டுச் சுமையோடு நடத்தப்பட்ட பெண்களைக் கேமரன் விவரித்திருக்கிறார். பன்னிரண்டு வயதில் கில்வாவுக்கு அப்படி நடத்தப்பட்ட ஒருவர், ஐம்பது வயதைக் கடந்த பிறகு அந்தக் காட்சியின் பக்கத்திலேயே நடந்தார்.

1875 நவம்பரில் அவர்கள் அட்லாண்டிக் கடற்கரையை அடைந்தார்கள். இந்தியப் பெருங்கடலில் தொடங்கிய நடை மறுகடலில் முடிந்தது. ஆட்கள் கப்பல் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சான்சிபாருக்குத் திரும்பினார்கள்.

அவர் நடந்துகொண்டிருந்த காலத்தில் சான்சிபாரில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. பம்பாய் மாகாணத்தின் முன்னாள் கவர்னர் பார்ட்டில் பிரியர் தூது வந்து பேசிய பின், 1873 ஜூன் மாதம் சுல்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அடிமைச் சந்தை மூடப்பட்டது. முபாரக் விற்கப்பட்ட ஊரில் இனி வெளிப்படையாக யாரையும் விற்க முடியாது.

பதக்கமும் பென்ஷனும்

நான்கு பயணங்களிலும் சேர்த்து முபாரக் கடந்த தூரம் சுமார் 9,600 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பகுதி நடை. அவர் காலத்தில் ஆப்பிரிக்காவை அவ்வளவு சுற்றியவர் மிகச் சிலரே. 1876-ல் ராயல் புவியியல் கழகம் அவருக்கு ஆயுள் பென்ஷன் வழங்கியது. அதன்பின் சான்சிபாரில் ஓய்வாக வாழ்ந்து, 1885 அக்டோபர் 12-ம் தேதி காலமானார்.

அதே 1885-ல் ஐரோப்பிய வல்லரசுகள் பெர்லின் மாநாட்டை முடித்து, ஆப்பிரிக்காவைப் பங்கு போடத் தொடங்கிவிட்டன. முபாரக் நடந்த பாதையின் பெரும்பகுதி ஜெர்மனியின் கைக்குப் போனது. 1901-ல் மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை ஏரி வரை எட்டியது. அதைப் போட்டவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன தொழிலாளர்கள். சுமைதூக்கி நடக்கும் சஃபாரியின் காலம் மெல்ல முடிந்தது. வேட்டைக்காரர்களின் சஃபாரி வந்தது. பின் தேசியப் பூங்காக்களும் சுற்றுலாவும் வந்தன.

ஆனால் வழிகாட்டிக்கு வேண்டிய குணம் மாறவில்லை. இன்று செரெங்கெட்டி சமவெளியில் வண்டி ஓட்டும் வழிகாட்டிக்கும் விலங்கின் பெயரைச் சொல்வது மட்டும் போதாது. பல மொழி தெரிய வேண்டும். உள்ளூர் மக்களிடம் பணிவு வேண்டும். நம்பி வந்தவர்களின் பயத்தையும் கோபத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்படைத்த பொருளைக் காப்பாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டிப் போனவர்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இத்தனையையும் பள்ளிக்கூடம் போகாத ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்து காட்டினார்.

நீண்ட காலம் அவர் பெயர் மற்றவர்களின் புத்தகங்களுக்குள் இருந்தது. 2009-ல் லண்டன் ராயல் புவியியல் கழகமே, ஆராய்ச்சிப் பயணங்களில் மறைந்துபோன உள்நாட்டு உதவியாளர்களை நினைவூட்டும் கண்காட்சி ஒன்றை நடத்தி, அதில் முபாரக்குக்கும் இடம் அளித்தது.

பிழைக்கப் போன இடத்தில் காதில் விழுந்த மொழியைக் கற்றுக்கொண்டு, அதையே மூலதனமாக வைத்து முன்னுக்கு வந்தவர்கள் மும்பையில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுக்கெல்லாம் முன்னோடியாக, அந்த நகரத்தின் பழைய பெயரையே தம் பெயராகக் கொண்டு வாழ்ந்தவர் சிதி முபாரக் பம்பாய்.